பறக்காத பறவை போன இடம்

அருங்காட்சியகத்துக்குள் நுழைந்ததும் தலைக்கு மேல் திமிங்கிலம் தொங்கியது. முழு எலும்புக்கூடு, பதினாறு கம்பிகள். அதன் விலா எலும்புகளுக்கு நேர் கீழே டிக்கெட் வரிசை. கம்பி அறுந்தால் நசுங்கப் போவது டிக்கெட் வாங்கியவர்கள்தான் என்று அண்ணியிடம் சொன்னேன்.

“நாம டிக்கெட் வாங்கல. தைரியமா நட,” என்றார் அண்ணி.

அண்ணியைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். என் அண்ணனைக் கட்டிக்கொள்வதற்கு முன்பே அவர் ரயில் நிலையத்தில் தொலைந்த பொருள் பிரிவில் எழுத்தர். பன்னிரண்டு வருஷம் ஊரார் விட்டுப்போன குடை, பல்செட், ஒற்றைச் செருப்பு இவற்றோடு குடித்தனம் நடத்தியவர். பிறகு வேலையை விட்டுவிட்டு எங்கள் வீட்டு முன்னறையில் துப்பறியும் அலுவலகம் போட்டார். நான் உதவியாளர். வண்டி ஓட்டுவது, குறிப்பேடு சுமப்பது, வாயை மூடிக்கொண்டிருப்பது என்று எனக்கு மூன்று வேலைகள். மூன்றாவதில் மட்டும் இன்னும் தேர்ச்சி வரவில்லை.

காலை பத்து மணிக்குச் சித்தி போன் செய்தார். அழுகையில் பாதி வார்த்தை காணாமல் போனது. மிச்சத்தைச் சேர்த்துப் பார்த்ததில் விஷயம் இதுதான்: அருங்காட்சியகத்தில் பறவைக் கூடத்துக்குக் காவலராக இருக்கும் என் சித்தப்பாவை, பறவை திருடினார் என்று உட்கார வைத்துவிட்டார்கள். சாயங்காலம் நாலு மணிக்குப் போலீஸ் வரும். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்றரை.

இயக்குநரின் அறை இரண்டாவது மாடியில். சித்தப்பா ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். தலையில் தொப்பி இல்லை. எனக்கு அதுதான் முதலில் உறைத்தது. வீட்டில்கூடச் சாப்பிடும்போது மட்டும்தான் அதைக் கழற்றி வைப்பார். பத்து வருஷமாக அவர் தலையில் இருந்த அந்த நீலத் தொப்பி இப்போது இயக்குநரின் பீரோ மேல், ஒரு பழைய காலண்டருக்கும் கொசு விரட்டி டப்பாவுக்கும் நடுவில் கிடந்தது.

இயக்குநர் ஆறு மாதத்துக்கு முன் துறைமுகத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். அங்கே சரக்குப் பெட்டிகளை மேய்த்த பழக்கத்தில் இங்கே எல்லாவற்றையும் ‘ஐட்டம்’ என்றார். பேசும்போது ஒரு கை மேஜையில் இருந்தது. மறு கை மணிக்கட்டையும் பிடரியையும் மாறி மாறிச் சொறிந்துகொண்டிருந்தது.

“பாருங்கம்மா, கேஸ் ரொம்ப சிம்பிள். பூட்டு உடையல. கண்ணாடி உடையல. சாவி ரெண்டு. ஒண்ணு என் பீரோவுக்குள்ள இருக்கு. இன்னொண்ணு இவர் இடுப்புல இருக்கு. ஐட்டம் இல்ல. கூட்டிக் கழிச்சுப் பாருங்க.”

“பார்த்தேன் சார். ரெண்டு விடை வருது,” என்றார் அண்ணி.

இயக்குநர் ஒரு கணம் சொறிவதை நிறுத்தினார். பிறகு அது அவருக்குப் பிடிக்கவில்லை என்பதைக் காட்ட, தட்டச்சு செய்து வைத்திருந்த புகாரை எடுத்து உரக்கப் படித்தார்.

“இக்கட்டடத்தின் நான்காம் கூடத்தில் தனிக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கப்பட்டிருந்ததும், உலகில் இன்று உயிருடன் இல்லாததும், பறக்கும் திறனற்றதும், கரும்பழுப்பு நிறமும் இடது காலில் சிவப்பு அட்டைச் சீட்டும் உடையதும், பாடம் செய்யப்பட்டதுமான பறவை ஒன்றை...”

“மூச்சு விட்டுக்கோங்க சார்,” என்றேன். “பறவை கிடைச்சதும் அதைச் சொல்ல ஆள் வேணும்.”

அண்ணி என் காலை மிதித்தார். இயக்குநரிடம் புகாரின் நகல் ஒன்று கேட்டு வாங்கி, நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். பிறகு சித்தப்பா பக்கம் திரும்பினார்.

“சின்ன மாமா, ஏதாவது சாப்பிட்டீங்களா?”

“அதெல்லாம் இறங்குமா மருமகளே?” சித்தப்பாவின் குரல் எங்கேயோ இருந்து வந்தது. “நேத்து வார லீவு. எனக்குக் கேட்ல டியூட்டி. மாடிப்பக்கம் போகவே இல்ல. காலைல கூடத்தைத் திறந்தா பெட்டியில எங்க மகாராணி இல்ல, அதான் அந்தப் பறவை. பார்த்துட்டு ஓடி வந்து சொன்னதே நான்தான். சொன்னவனையே பிடிச்சு உட்கார வெச்சிட்டாங்க. கூடத்துப் பக்கமே விடல.”

“நாலு மணி வரைக்கும் இந்த ரூமை விட்டு நகரக் கூடாது,” என்றார் இயக்குநர்.

“அதுவரைக்கும் எங்களுக்குக் கட்டடத்தைச் சுத்திப் பார்க்க அனுமதி உண்டா சார்?” என்று அண்ணி கேட்டார்.

“தாராளமா. டிக்கெட் வாங்கிக்கிட்டு.”

டிக்கெட் வாங்கினோம். இந்தத் தடவை திமிங்கிலத்தின் அடியில் நிற்கும்போது எனக்குக் கொஞ்சம் நெஞ்சு படபடத்தது.

நான்காம் கூடம் நீளமாக, அரையிருட்டாக இருந்தது. வெளிச்சம் பட்டால் இறகு வெளுத்துவிடும் என்று மஞ்சள் விளக்குகளையே போட்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் கண்ணாடிப் பெட்டிகளில் பறவைகள். எதிர்ச் சுவர் முழுக்க, ஒரு அறை அளவுக்குக் கண்ணாடி அடைத்து, உள்ளே காகிதக் கூழில் மரம், பிளாஸ்டிக் இலை, வரைந்த வானம் என்று ஒரு காட்டையே எழுப்பியிருந்தார்கள். கண்ணாடிக் காடு என்று அதற்குப் பெயர். அதன் முன்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மூக்கை அழுத்தி அழுத்தி, துடைப்பவருக்கு ஆயுசுக்கும் வேலை வைத்திருந்தார்கள்.

காலிப் பெட்டியின் பக்கத்தில் காப்பாட்சியர் நின்றிருந்தார். எல்லோரும் அவரைப் பறவையம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். மெலிந்த உடம்பு, வெள்ளைக் கையுறை, சங்கிலி கட்டிய கண்ணாடி. வலது கன்னம் மட்டும் ஒரு எலுமிச்சம்பழத்தை அதக்கியதுபோல் வீங்கியிருந்தது. முந்தின நாள் லீவு போட்டுக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியிருந்தார்.

“தொடாதீங்க,” என்றார் முதல் வார்த்தையாக. நான் இன்னும் கையை நீட்டவே இல்லை.

பெட்டிக்குள் பச்சை வெல்வெட்டில் வட்டமாக ஒரு தடம் இருந்தது. பக்கத்தில் மகாராணியின் படம். கோழி அளவில் ஒரு பறவை, காலை உள்ளே மடக்கி, அகலமாக உட்கார்ந்திருந்தது. பார்த்தால் மகாராணி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மகாராணி வீட்டுச் சமையல்காரி என்று சொல்லலாம்.

“எப்பவும் உட்கார்ந்தே இருப்பாளா?” என்று அண்ணி கேட்டார்.

“அடைகாக்கிற மாதிரி பாடம் பண்ணியிருக்கு. தரையில கூடு கட்டுற இனம். ஒரே ஒரு தீவுல இருந்தது, அங்கேயும் முடிஞ்சு போச்சு. இந்தப் பெட்டியைக் கடைசியாத் திறந்து பதினோரு வருஷம் ஆகுது. நான்தான் திறந்தேன். கால்ல புது அடையாளச் சீட்டு கட்டினேன், மூடினேன். அதுக்கப்புறம் துடைக்கிறதுகூட வெளியிலேருந்துதான்.”

“இத்தனை பறவையில இவளை எப்படி அடையாளம் கண்டுபிடிக்கிறது?”

பறவையம்மா கன்னத்தைப் பிடித்துக்கொண்டு யோசித்தார். “எனக்குத் தெரியும். இந்தக் கூடத்துக் காவலருக்குத் தெரியும். மத்தவங்க பக்கத்துல வெச்சாலும் தாண்டிப் போயிடுவாங்க. அழகில்லாத பொண்ணுதான். அதுக்காகத் தொலைக்கலாமா?”

அவர் கண் கலங்கியது. பல்வலிக்கா பறவைக்கா என்று கேட்க வாயெடுத்தேன். அண்ணி என் கால் பக்கம் பார்த்ததால் விட்டுவிட்டேன்.

“நேத்து இங்க யார் யார் வந்தாங்கம்மா?”

“வெளி ஆளுங்க அஞ்சு பேர். கண்ணாடிக் காட்டுக்குத் தூசி தட்டுற நாள், வருஷத்துக்கு ஒரு தடவை. எல்லாப் பறவையையும் தள்ளுவண்டியில எடுத்து வெச்சு, பிரஷ் போட்டு, திரும்ப வைப்பாங்க. நான் நிக்கணும். நேத்தை விட்டா வேற தேதி இல்லன்னு பல் டாக்டர் சொல்லிட்டார். ஆனா போகும்போது ஒவ்வொருத்தர் பையையும் கேட்ல சோதிச்சிருக்காங்க. பையில குச்சிகூட இல்லையாம்.”

சோதித்தது யார் என்று சொல்லத் தேவையில்லை. கேட்டில் நின்றது சித்தப்பா. இயக்குநரின் கூட்டல் கழித்தலில் அதுவும் சித்தப்பாவின் கணக்கில்தான் விழும்.

அண்ணி குனிந்து பெட்டியின் அடியைப் பார்த்தார். ஜன்னல் கொக்கிகளை இழுத்துப் பார்த்தார். குப்பைக் கூடையைக் கவிழ்த்தார். இப்படி அவர் ஒரு மணி நேரம் அலைந்தால் நடுவில் பேச்சுக் கொடுக்கக் கூடாது. கொடுத்தேன்.

“அண்ணி, திருடன் இந்நேரம் எல்லை தாண்டியிருப்பான்.”

“திருடு போன பொருள் ஓடும் தம்பி. தொலைஞ்ச பொருள் இருந்த இடத்துலயே உட்கார்ந்திருக்கும். பன்னிரண்டு வருஷம் பார்த்திருக்கேன். ஒருத்தர் தன் தலையில இருக்கிற கண்ணாடியைத் தேடி எங்க கவுண்டருக்கு மூணு நாள் வந்தார். இது ஓடினதா உட்கார்ந்திருக்கிறதான்னு தெரிஞ்சிட்டா பாதி வேலை முடிஞ்சிடும். நீ போய் எங்கயாவது உட்காரு.”

நான் உட்காரவில்லை. வாசலருகே கேள்வித்தாள் மேஜையில் இருந்த அக்கா, வருகிறவர்களுக்கெல்லாம் ஒரு தாளும் பென்சிலும் கொடுத்துக்கொண்டிருந்தார். பத்துக் கேள்விகள். கட்டடத்தைச் சுற்றிப் பார்த்து விடை எழுத வேண்டும். பத்தும் சரியானால் திமிங்கிலப் படம் போட்ட பேட்ஜ். பள்ளிக்கூடத்தில் நான் பத்துக்குப் பத்து வாங்கியதே கிடையாது. இதுதான் கடைசி வாய்ப்பு என்று தோன்றியது.

திமிங்கிலத்தின் விலா எலும்புகளை எண்ணினேன். மிகச் சிறிய முட்டையைக் கண்டுபிடித்தேன். விண்கல்லைத் தொட்டுப் பார்த்து ‘சில்லென்று இருக்கிறது’ என்று எழுதினேன். கண்ணாடிக் காட்டின் முன்னால் பிள்ளைகளோடு பிள்ளையாக மூக்கை அழுத்தி மூன்று தடவை பறவைகளை எண்ணினேன். எனக்கு முன்னால் நின்ற ஒரு சின்னப் பெண் விரலை மடக்கி மடக்கி என்னைவிட வேகமாக எண்ணிவிட்டு ஓடினாள். தாளை மேஜையில் கொடுத்தபோது மூன்றே கால்.

அக்கா சிவப்புப் பேனாவால் ஒன்பது சரி போட்டார். ஒன்று தப்பு.

“ஏழாவது தப்பு சார். கண்ணாடிக் காட்டுல இருபத்தேழு பறவை.”

“அக்கா, இருபத்தெட்டு. மூணு தடவை எண்ணினேன்.”

“நீங்களுமா?” அக்கா பேனாவை மேஜையில் போட்டார். “காலையிலேருந்து நாலு ஸ்கூல். நூத்தி அறுபது பிள்ளைங்க. ஒரு பேட்ஜ்கூடக் குடுக்கல! எல்லாம் இருபத்தெட்டு, இருபத்தெட்டுன்னே எழுதுது. ஒருத்தனைப் பார்த்து ஒருத்தன் எழுதறது. இப்பத்தான் ஒரு பொண்ணு என்கிட்ட சண்டை போட்டுட்டு அழுதுக்கிட்டே போச்சு. விடைத்தாள்ல இருபத்தேழுன்னு அச்சடிச்சிருக்கு. ஆறு வருஷமா அதுதான் விடை. நான் என்ன செய்ய?”

“நீங்க போய் எண்ணிப் பார்த்தீங்களா?”

“எதுக்கு? எனக்குத்தான் விடை தெரியுமே.”

பின்னாலிருந்து அண்ணியின் குரல் வந்தது. குப்பைக் கூடையைக் கையில் வைத்துக்கொண்டே நின்றிருந்தார்.

“எல்லாருமே இருபத்தெட்டா?”

“ஒருத்தர் மட்டும் இருபத்திரெண்டு எழுதினாரும்மா. அது ஒரு பிள்ளையோட அப்பா.”

அண்ணி குப்பைக் கூடையை என் கையில் திணித்தார். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். தன் கல்யாணத்தில் தாலி கட்டும் நேரத்துக்குக்கூட நிதானமாக நடந்து வந்த என் அண்ணி, பளிங்குத் தரையில் ஓடுவதை அன்றுதான் பார்த்தேன்.

பிள்ளைகளை விலக்கிவிட்டுப் பறவையம்மாவைக் கண்ணாடிக் காட்டின் முன்னால் நிறுத்தினோம். “அம்மா, எண்ணாதீங்க. ஒவ்வொண்ணாப் பேர் சொல்லிக்கிட்டே வாங்க,” என்றார் அண்ணி.

பறவையம்மா கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு இடமிருந்து தொடங்கினார். மரங்கொத்தி, மைனா, மீன்கொத்தி, இருவாச்சி ஜோடி. நடு மரத்துக்கு வந்ததும் பேச்சு நின்றது. அந்த மரத்தில் இரண்டு கிளைகள் பிரியும் கவட்டையில், பிளாஸ்டிக் இலைகளுக்கு நடுவே, பரம்பரையாக அங்கேயே குடியிருப்பதுபோல் பழுப்பாக ஒன்று அகலமாக உட்கார்ந்திருந்தது.

“படுபாவிங்களா!” பல்வலியை மறந்து கத்தினார். “தரையில கூடு கட்டுறவளை மரத்து மேல ஏத்தி வெச்சிருக்காங்களே!”

திருட்டுப் போனதைவிட இதுதான் அவருக்குப் பெரிய அவமானமாகப் பட்டது. தன் சாவியால் பக்கக் கதவைத் திறந்து உள்ளே போய், பிறந்த குழந்தையைத் தூக்குவதுபோல் மகாராணியைத் தூக்கி வந்தார். அடியில் மடங்கியிருந்த இடது காலிலிருந்து ஒரு சிவப்புச் சீட்டு ஆடியது. நான் சிரித்துக்கொண்டிருந்தேன். கேள்வித்தாள் அக்கா கை தட்டினார். அண்ணி மட்டும் அந்தச் சீட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கைப்பையிலிருந்து புகாரை எடுத்து ஒரு தடவை படித்துவிட்டு மறுபடி மடித்தார்.

செய்தி மாடிக்குப் போக இரண்டு நிமிஷம் ஆயிற்று. இயக்குநர் சித்தப்பாவையும் கூட்டிக்கொண்டு இறங்கி வந்தார். மகாராணியைப் பார்த்ததும் சித்தப்பா சுவரைப் பிடித்துக்கொண்டார். அவர் முகத்தில் உயிர் திரும்பி வந்ததை நான் பார்த்தேன். அது முழுதாக வந்து சேர்வதற்குள் இயக்குநர் வாயைத் திறந்தார்.

“பிரமாதம்! நான் சொன்னதுக்குச் சாட்சி கிடைச்சிடுச்சு. கூட்டத்துக்கு நடுவுல ஒளிச்சு வெச்சு, பேச்சு ஆறினதும் மெதுவாக் கடத்துறதுதான் இவர் திட்டம். கண்ணாடிக் காட்டுக் கதவுச் சாவியும் இவர் இடுப்புல ஒண்ணு இருக்கு. என்னம்மா, உங்களுக்கு நன்றி. போலீசுக்கு வேலையே வைக்கல நீங்க.”

என் சிரிப்பு வாயிலேயே நின்றுவிட்டது. சித்தப்பாவைக் காப்பாற்ற வந்து, நாங்களே அவர் தலையில் கல்லைப் போட்டுவிட்டோம். சுவரில் மணி மூன்றே முக்கால். இயக்குநர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். சித்தப்பா என்னைப் பார்த்தார். நான் குப்பைக் கூடையைப் பார்த்தேன்.

“சார் சொல்றதும் நியாயம்தான்,” என்றார் அண்ணி. “போலீசுக்கு போன் பண்ணுங்க. ஆனா அதுக்கு முன்னாடி டாக்டருக்குப் பண்ணிடலாம்.”

“டாக்டர் எதுக்கு?”

அண்ணி பறவையம்மா பக்கம் திரும்பினார். “அம்மா, அந்தக் காலத்துல பறவையைப் பூச்சி அரிக்காம இருக்க ஏதோ விஷம் தடவுவாங்களாமே?”

“ஆர்செனிக். அதனாலதான் கையுறை இல்லாம எதையும் தொட விடுறதில்ல.”

“தெரியாம வெறுங்கையில எடுத்தா?”

பறவையம்மா அண்ணியை ஒரு நொடி உற்றுப் பார்த்தார். வீங்கிய கன்னம் லேசாக அசைந்தது. “அரிக்கும்,” என்றார். “முதல்ல மணிக்கட்டு. அப்புறம் பிடரி.”

இயக்குநரின் கை பிடரியில் இருந்தது. அங்கேயே நின்றது.

“அப்புறம்?” என்றார் அவர்.

“அப்புறம் என்ன ஆச்சுன்னு யாரும் வந்து சொன்னதில்ல சார்.”

அண்ணி சித்தப்பாவின் கைகளைப் பிடித்து விளக்கடியில் திருப்பித் திருப்பிக் காட்டினார். ஒரு கீறல் இல்லை. “சின்ன மாமாவுக்கு ஒண்ணுமில்ல, நல்ல வேளை. வேற யாருக்காவது இருந்தா சீக்கிரம் டாக்டரைப் பார்க்கணும்.”

இயக்குநர் தன் மணிக்கட்டை விளக்குப் பக்கம் திருப்பிப் பார்த்தார். “சீக்கிரம்னா... எவ்வளவு நேரத்துக்குள்ள?”

“எத்தனை மணிக்குத் தொட்டாங்கன்னு தெரிஞ்சாத்தானே சார் சொல்ல முடியும்,” என்றார் அண்ணி.

“நேத்து பதினொன்றரை இருக்கும்,” என்றார் இயக்குநர்.

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. கேள்வித்தாள் அக்காவின் கையிலிருந்து பேனா கீழே விழுந்தது.

“நான் திருடல!” என்று இயக்குநர் கத்தினார்.

“தெரியும் சார்,” என்றார் அண்ணி. புகாரை விரித்தார். “ஆனா தொட்டீங்க. இதை நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்க. ‘இடது காலில் சிவப்பு அட்டைச் சீட்டு.’ உட்கார்ந்திருக்கிற பறவையோட காலை யார் பார்த்தது? அம்மா, சீட்டு சிவப்புன்னு பதிவேட்டுல இருக்கா?”

“நம்பர் மட்டும்தான் இருக்கும். நிறத்தை யார் எழுதுவா?”

“பெட்டியைத் திறந்து பதினோரு வருஷம் ஆச்சு. சார் வந்து ஆறு மாசம். தூக்கிப் பார்த்தாலொழிய சாருக்கு அது சிவப்புன்னு எப்படித் தெரியும்?”

பிறகு எல்லாம் தானாக வந்தது. அருங்காட்சியகத்துக்குப் புதுக் கையேடு அச்சாகிறது. அட்டையில் மகாராணியை ஏந்தியபடி தன் படம் வரவேண்டும் என்று இயக்குநருக்கு ஆசை. லீவு நாள், பறவையம்மா இல்லை, தடுக்க ஆளில்லை. பீரோச் சாவியால் பெட்டியைத் திறந்து, ஜன்னலருகே போனைச் சாய்த்து வைத்து, நெஞ்சோடு அணைத்துப் படம் எடுத்தார். அந்த நேரம் பார்த்து மேலிடத்திலிருந்து அழைப்பு. கைக்கெட்டிய தள்ளுவண்டியில் மகாராணியை வைத்துவிட்டுப் பேசப் போனார். பேசி முடித்து வந்தபோது வண்டி காலி.

தூசி தட்டியவர்களைக் குறை சொல்ல முடியாது. இருபத்தேழு பறவைகளுக்கும் எண் போட்ட ஆணி இருந்தது. மாட்டினார்கள். மின்விசிறியைக் கழற்றி மாட்டினால் கையில் ஒரு திருகாணி மிஞ்சுமே, அதுபோல ஒரு பறவை மிஞ்சியது. கேட்பதற்கு யாரும் இல்லை. நல்ல கவட்டையாகப் பார்த்து உட்கார வைத்துவிட்டுப் போனார்கள்.

“படம் இன்னும் போன்ல இருக்கா சார்?” என்று அண்ணி கேட்டார்.

இயக்குநர் போனை நீட்டினார். படத்தில் அவர் பல் முழுதும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் கைக்கு அடியில் சிவப்புச் சீட்டு தொங்கியது.

“காணோம்னு தெரிஞ்சதும் காலிப் பெட்டியைப் பூட்டிட்டேன். வேலை போயிடுமேன்னு பயந்துட்டேன்,” என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் குப்பைக் கூடையை அவர் தலையில் கவிழ்த்திருப்பேன். தன் வேலை போய்விடும் என்று, பத்து வருஷம் ஒரு குறையும் சொல்ல முடியாத ஒரு மனுஷனை ஸ்டூலில் உட்கார வைத்திருக்கிறார். ஆனால் சித்தப்பா கத்தவில்லை.

“நேத்தே என்னைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாமே சார்,” என்றார். “இந்தக் கூடத்துல எது எங்க உட்காரும்னு எனக்குத் தெரியாதா? வாசல்ல நின்னே கண்டுபிடிச்சுக் குடுத்திருப்பேன். காலையிலயாவது என்னை உள்ள விட்டிருக்கலாம்.”

இயக்குநர் தலை குனிந்தபடியே சொறிந்தார்.

“சோப்புப் போட்டுக் கையைக் கழுவுங்க சார்,” என்றார் பறவையம்மா. இயக்குநர் கழிவறைப் பக்கம் பாய்ந்தார்.

“வரும்போது பீரோ மேல இருக்கிற தொப்பியையும் எடுத்துட்டு வாங்க!” என்று அண்ணி பின்னாலிருந்து குரல் கொடுத்தார்.

அவர் மறைந்ததும் நான் பறவையம்மாவை நெருங்கினேன். “அம்மா, பாவம், உயிருக்கு ஆபத்து ஒண்ணும் இல்லையே?”

“மகாராணிக்கு ஆர்செனிக்கே கிடையாது. பெட்டியைத் திறந்தப்பவே பரிசோதனை பண்ணியாச்சு. வெறும் உப்பும் படிகாரமும்.”

“அப்போ அந்த அரிப்பு?”

“கொசு,” என்றார் சித்தப்பா. “அவர் ரூம் ஜன்னல் வலை கிழிஞ்சு ஒரு மாசம் ஆகுது. மாத்தச் சொல்லி மூணு தடவை சொல்லிட்டேன்.”

அண்ணி அப்பாவியாக முகத்தை வைத்துக்கொண்டார். “நான் பொய் சொன்னேனா? கேள்விதானே கேட்டேன்.”

திடீரென்று கேள்வித்தாள் அக்கா தலையில் கை வைத்தார். “ஐயோ, நாலு மணி பஸ்!” பேட்ஜ் பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஓடினார். நாங்கள் ஜன்னல் வழியாகப் பார்த்தோம். கிளம்பிய பஸ்ஸின் முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்று அதை நிறுத்தினார். கொஞ்ச நேரத்தில் நாற்பது பிள்ளைகள் திமுதிமுவென்று கூடத்துக்குள் திரும்பி வந்தார்கள். விரல் மடக்கி எண்ணிய அந்தப் பெண்ணும் இருந்தாள். கண்ணீர் காய்ந்த கோடு கன்னத்தில் தெரிந்தது.

இயக்குநரும் வந்து சேர்ந்தார். முழங்கை வரை ஈரம். கையில் நீலத் தொப்பி. அத்தனை பிள்ளைகளையும் பார்த்ததும் தயங்கினார். பிறகு சித்தப்பாவின் முன்னால் வந்து தொப்பியை நீட்டினார்.

“மன்னிச்சிடுங்க. புகாரைக் கிழிச்சிட்டேன். போலீசுக்கு வர வேண்டாம்னு போன் பண்ணிட்டேன். நடந்ததை மேலிடத்துக்கு நானே எழுதறேன்.”

சித்தப்பா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“கையை நல்லாக் கழுவினீங்களா சார்?”

“மூணு தடவை.”

“இன்னொரு தடவை கழுவிட்டு வாங்க. நான் நிக்கிறேன்.”

இயக்குநர் மறுபேச்சுப் பேசாமல் திரும்பிப் போனார். நான் வெடித்துச் சிரிக்கப் போனேன். சித்தப்பாவின் தாடை நடுங்குவதைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன். அந்த மூன்றாவது வேலையில் எனக்குக் கிடைத்த முதல் தேர்ச்சி அது. அவர் சொன்னபடியே நின்றார். வெறுந்தலையோடு, நேராக, தன் கூடத்தின் நடுவில் நின்றார்.

தொப்பி மறுபடியும் வந்தது. சித்தப்பா அதை வாங்கி, உள்பக்கம் ஒரு தடவை ஊதி, தலையில் வைத்து, நெற்றிக்கு நேராக்கினார். பிறகு அழுத பெண்ணின் கையிலிருந்த தாளை வாங்கி ஏழாவது கேள்வியைப் பார்த்தார். அக்காவின் சிவப்புப் பேனாவை வாங்கி, தப்பை அடித்துவிட்டுப் பெரியதாக ஒரு சரி போட்டார்.

“இருபத்தெட்டுதான் சரி,” என்றார் எல்லோருக்கும் கேட்கும்படி. “இந்தக் கூடத்தோட காவலர் சொல்றேன்.”

நானும் என் தாளை எடுத்துக்கொண்டு பேட்ஜ் வரிசையில் போய் நின்றேன்.